எச்சத்தொகையா, எஞ்சுகுடியா? கொலராடோ கொடுங்கரடிக்கு ஒரு கலைச்சொல்

அனுப்புநர்: தொகுப்பாளர்
பொருள்: 'ரெலிக்ட் பாப்புலேஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்கக் கரடிகள் பற்றிய தொகுப்பு மெய்ப்புத் திருத்தத்தில் இருக்கிறது. கொலராடோ பற்றிய கட்டுரையில், அழிந்துபோனதாகக் கருதிய இடத்தில் எஞ்சி நிற்கும் விலங்குக் கூட்டத்தைக் குறிக்கும் 'ரெலிக்ட் பாப்புலேஷன்' என்ற சொல்லால் ஒரு சிக்கல். 1950-களின் தொடக்கத்தோடு அங்கே கொடுங்கரடி (கிரிஸ்லி) முடிந்துபோனதாகவே எல்லோரும் கருதினார்கள். 1979 செப்டம்பரில் சான் வான் மலைத்தொடரில், நவஹோ ஆற்றின் தலைப்பகுதியில், ஒரு பெண் கொடுங்கரடி வேட்டை வழிகாட்டி ஒருவரைத் தாக்கியது. அவர் கையில் பிடித்த அம்பாலேயே அதைக் குத்திக் கொன்றார். பிறகு மாநில வனவிலங்குத் துறை தேடியது, இன்னொன்று அகப்படவில்லை.

அந்த ஒற்றைக் கரடி, அது சேர்ந்திருந்திருக்கக்கூடிய கூட்டம், எங்கிருந்தோ நடந்து வந்திருக்கக்கூடிய கரடி ஆகிய மூன்றுக்கும் மொழிபெயர்ப்பில் 'எச்சத்தொகை' என்றே வந்திருக்கிறது. விளைவு, 'எச்சத்தொகையின் எச்சத்தைச் சேகரித்துப் பரிசோதித்தார்கள்' என்று ஒரு வாக்கியம். இரண்டாவது எச்சம் கரடியின் கழிவு. அச்சுக்குப் போகும் முன் ஒரு வழி சொல்லுங்கள்.

---

அனுப்புநர்: வேர்ச்சொல்
பொருள்: மறு: 'ரெலிக்ட் பாப்புலேஷன்'

தொகுப்பாளர் ஐயாவுக்கு,

'எச்சம்' பழுதில்லாத சொல்தான். ஆனால் அதன்மேல் சுமை ஏறிவிட்டது. இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம். நாளிதழில் புலியின் எச்சம், பறவையின் எச்சம். காட்டுயிர்க் கட்டுரையில் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது கழிவுதான். அதைக் கழிவுக்கே விட்டுவிட்டு, 'எஞ்சுதொகை' என்று வைக்கலாம்.

கூடவே 'எக்ஸ்டர்பேஷன்' என்பதற்கும் ஒன்று வேண்டும். இனம் உலகிலேயே இல்லாமல் போவது 'அற்றுப்போதல்'. ஒரு வட்டாரத்தில் மட்டும் இல்லாமல் போவதற்கு 'வேரறுதல்' பொருந்தும். இலத்தீனிலும் உள்ளே இருப்பது அடிமரமும் வேரும்தான். தமிழில் 'வேரறுத்தல்' என்று பிறவினையாகவும் சொல்லலாம். கண்ணி, நஞ்சு, துப்பாக்கி என்று மனிதன் செய்த வேலையைச் சொல்ல அது உதவும்.

இடைச்செருகலாக ஒன்று: 'கொடுங்கரடி' என்ற பெயரே ஒரு குழப்பத்தின் பிள்ளை. ஆங்கிலப் பெயர் நரையோடிய மயிர் நுனியைக் குறித்தது. அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லுக்கு அச்சமூட்டுவது என்று பொருள். 1815-இல் ஜார்ஜ் ஆர்ட் அறிவியல் பெயரிட்டபோது 'ஹாரிபிலிஸ்' என்றே வைத்துவிட்டார். 'நரைக்கரடி' என்பதுதான் நேர்மை. ஆனால் புழக்கத்தில் வந்ததை இப்போது பெயர்க்க முடியாது, விட்டுவிடுவோம்.

---

அனுப்புநர்: களப்பணி
பொருள்: மறு: மறு: 'ரெலிக்ட் பாப்புலேஷன்'

> 'எஞ்சுதொகை' என்று வைக்கலாம்

'எஞ்சு' சரி. 'தொகை'தான் இடிக்கிறது. தொகை என்றால் எண்ணிக்கை. ஒன்று இருந்தாலும் தொகைதான். கரடி விஷயத்தில் துறைசார் வரையறை அப்படி இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கு காஸ்கேட்ஸ் மலைப்பகுதி பற்றிய அமெரிக்கக் கூட்டாட்சி ஆவணங்கள், ஒரு கூட்டம் என்று ஏற்க, குட்டி ஈனும் பெண் கரடிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அல்லது ஒரே பெண் வெவ்வேறு இரண்டு ஆண்டுகளில் ஈன்றிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஆண் கரடி எத்தனை சுற்றித் திரிந்தாலும் கணக்கில் வராது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து விடும் கரடிகளுக்குச் 'சோதனைக் கூட்டம்' என்ற தளர்வான சட்டநிலை தர வேண்டுமானால், அவை இயற்கையான கூட்டத்திலிருந்து நிலப்பரப்பால் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும். வடக்கு காஸ்கேட்ஸுக்கு ஆண்டுக்கு 3 முதல் 7 வரை கொண்டுவந்து முதலில் 25 ஆக்குவது என்று 2024-இல் முடிவானது. அங்கே அமெரிக்கப் பகுதியில் உறுதிப்பட்ட கடைசிக் காட்சி 1996. ஏற்கெனவே ஒரு கூட்டம் உண்டென்று நிறுவப்பட்டால் அந்தத் தளர்வுக்கு அடிப்படையே ஆடிப்போகும்.

ஆகவே என் பரிந்துரை 'எஞ்சுகுடி'. குடி என்றால் தங்கி, ஈன்று, தொடர்வது. ஒற்றை விலங்கு குடி ஆகாது.

இனி 1979-இன் கரடிக்கு வருவோம். வயது 16-க்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். அப்படியானால் பிறப்பு 1963-ஐ ஒட்டி, அல்லது அதற்கு முன். 16 என்றே கொண்டால், வேரறுந்ததாகச் சொன்னதற்குப் பத்தாண்டுக்குப் பின்னும் அங்கே ஒரு தாயும் ஒரு தந்தையும் உயிரோடு இருந்திருக்கிறார்கள். வேரறுந்ததாகச் சொன்ன 1952-க்கு முன்பே பிறந்தது என்று வாதிட வேண்டுமானால் வயதை 27-க்கு மேல் ஏற்ற வேண்டும். காட்டில் 25-ஐத் தாண்டும் கொடுங்கரடி அரிது. எனவே 1960-களில் அங்கே எஞ்சுகுடி இருந்தது என்று துணிந்து எழுதலாம். 1979-இல் இருந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கரடியே கடைசியாகவும் இருந்திருக்கலாம்.

யெல்லோஸ்டோனிலிருந்து நடந்து வந்திருக்குமோ என்று எப்போதும் ஒருவர் கேட்பார். நேர்கோட்டிலேயே 600 கிலோமீட்டருக்கு மேல். கொடுங்கரடிப் பெண் தாயின் எல்லையை ஒட்டியே குடியேறும். சராசரியாக 10–15 கி.மீ. விலகினாலே அதிகம். ஆண்கூடச் சராசரியில் 30–40 கி.மீ. தான். விதிவிலக்கு உண்டு: 2007-இல் ஐடஹோவின் பிட்டர்ரூட் பகுதியில் ஒரு கருங்கரடி வேட்டைக்காரர் தவறுதலாக ஒரு கொடுங்கரடியைச் சுட்டார். அங்கே 1946-க்குப் பின் உறுதிப்பட்ட முதல் கரடி அது. எஞ்சியது என்றே பலரும் மகிழ்ந்தார்கள். டிஎன்ஏ பார்த்தால் வடக்கே கனடா எல்லையை ஒட்டிய செல்கர்க் மலைக் கூட்டத்தைச் சேர்ந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த ஆண். இந்த மூன்றாவது வகைக்குச் சொல் இன்னும் இல்லை. 'வந்தேறி' வேண்டாம், அது குடியேறிவிட்டதைச் சொல்லும். அரசியல் வாடையும் அடிக்கும்.

---

அனுப்புநர்: வேர்ச்சொல்
பொருள்: எஞ்சுகுடி – ஒற்று மிகுமா?

களப்பணி அம்மா சொன்னதை ஏற்கிறேன். தட்டச்சு செய்பவர்கள் 'எஞ்சுக்குடி' என்று ஒற்றுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, வல்லினம் மிகாது.

வினைத்தொகையாக இருப்பதில் இன்னொரு வசதி. எஞ்சிய குடி, எஞ்சுகின்ற குடி, எஞ்சும் குடி என மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. சான் வானில் நமக்குத் தெரியாததும் அந்தக் காலம்தானே.

நடந்து வந்த கரடிக்கு 'வரத்து' என்று சொல்லலாமா? அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். வரத்துக் கரடி.

---

அனுப்புநர்: சேரன்வழி
பொருள்: மறு: எஞ்சுகுடி

மூன்று காலமும் ஒளிந்திருப்பது புலவருக்கு வசதி, கலைச்சொல்லுக்குக் கேடு. 'சான் வானின் எஞ்சுகுடி' என்று எழுதினால் இன்றும் இருக்கிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். கண்டதாகச் சொல்வது, சான்று கிடைத்தது இரண்டையும் பிரிக்க ஒரு முன்னொட்டு வேண்டாமா? எதைச் சான்று என்று ஏற்கிறார்கள் என்பதையும் விளக்கினால் நல்லது.

---

அனுப்புநர்: களப்பணி
பொருள்: சான்று எது?

சரியான இடிப்பு. 'உறுதிப்பட்ட எஞ்சுகுடி', 'ஐயநிலை எஞ்சுகுடி' என்று அடை கொடுத்தே எழுத வேண்டும். அடையில்லாமல் தனியே நிற்கக் கூடாது என்று சொற்பட்டியலிலேயே குறித்துவிடலாம்.

கண்ணால் கண்டது சான்றாகாது. கொலராடோவின் கருங்கரடிகளில் பழுப்பும் வெளிர்நிறமும் மிகச் சாதாரணம். கொடுங்கரடியின் அடையாளமான தோள்திமிலும் தலையைத் தாழ்த்தி நிற்கும் கோணத்தில் ஏமாற்றும். ஒளிப்படமும் அப்படியே: 2010-இல் வடக்கு காஸ்கேட்ஸில் எடுத்த ஒரு படத்தை வல்லுநர்களே கொடுங்கரடி என்று ஏற்றார்கள். பின்னால் வேறு படங்கள் கிடைத்தபோது அது கருங்கரடி என்றானது.

தடத்தில் முன்பாதத்தைப் பார்க்க வேண்டும். பெருவிரலின் அடியிலிருந்து உள்ளங்கால் மெத்தையின் மேல்விளிம்பைத் தொட்டு ஒரு நேர்கோடு இழுங்கள். கரடிக்குப் பெருவிரல் வெளிப்பக்கம் இருக்கும். மறந்தால் எல்லாம் தலைகீழ். சிறுவிரல் பாதிக்கு மேல் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கருங்கரடி, மேலே நின்றால் கொடுங்கரடி. சேற்றில் வழுக்கிய தடத்திலும் உருகிய பனியிலும் இந்தக் கோடு உதவாது. மண்டையோடு கிடைத்தால் எளிது: மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல் 31 மி.மீ.-க்கு மேல் நீளமென்றால் கொடுங்கரடி. கழிவின் பருமன் இரண்டுக்கும் ஒத்துப்போகும், நம்பாதீர்கள்.

இன்று நம்புவது மயிரை. சுமார் 30 மீட்டர் முள்கம்பியை நாலைந்து மரங்களைச் சுற்றித் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். நடுவே உளுத்த கட்டைகளைக் குவித்து, புளிக்கவைத்த மாட்டு ரத்தமும் மீன் கழிவும் கலந்த நீரை ஊற்றுவார்கள். மணம் மட்டும்தான், தீனி கூடாது. தீனி கிடைத்தால் அதே கரடி திரும்பத் திரும்ப வந்து கணக்கைக் கெடுக்கும். பள்ளமான இடத்தில் கம்பிக்கு அடியில் நுழைந்துவிடும், ஆகவே தரையை நிரவ வேண்டும். சுமார் 14 நாளுக்கு ஒருமுறை சேகரிப்பு. ஒவ்வொரு முள்ளிலிருந்தும் எடுத்ததைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரமுறிஞ்சியோடு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கி டிஎன்ஏ சிதையும். எடுத்த முள்ளைத் தீயில் வாட்டிவிட வேண்டும், இல்லையேல் பழைய மயிர் அடுத்த சுற்றில் கலக்கும். வேரோடு வந்த மயிரில்தான் தனி விலங்கைப் பிரித்தறியும் அளவுக்கு டிஎன்ஏ தேறும். (நம் 'வேரறுதல்' இங்கே வேறு பொருளில் உதைக்கிறது!)

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்? விளக்கத்துக்காக, ஒரு சுற்றில் ஒரு கரடி மயிர் விட்டுச்செல்லும் வாய்ப்பு 25 விழுக்காடு என்று வைப்போம். நான்கு சுற்றிலும் அது தப்பும் வாய்ப்பு 32 விழுக்காடு. பத்துச் சுற்று வைத்தால் 6-க்குச் சற்றுக் கீழே. கம்பி கட்டாத பள்ளத்தாக்குகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது. ஆகவே 'தேடினார்கள், இல்லை' என்று எழுதுபவர் எத்தனை சுற்று, எவ்வளவு பரப்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

---

அனுப்புநர்: தொகுப்பாளர்
பொருள்: பட்டியலில் சேர்த்தவை

நன்றி. வேரறுதல், எஞ்சுகுடி (அடையுடன் மட்டும்), வரத்துக் கரடி மூன்றும் பட்டியலில் ஏறிவிட்டன. எச்சம் கழிவுக்கே. தகராறு செய்த வாக்கியம் இப்போது: 'ஐயநிலை எஞ்சுகுடியைத் தேடி எச்சமும் மயிரும் சேகரித்தார்கள்.'

மயிர் சேகரிக்கும் அந்தக் கம்பி அமைப்புக்கு 'மயிர்க்கண்ணி' என்று மொழிபெயர்ப்பாளர் போட்டிருக்கிறார். கண்ணி என்றால் கரடி சிக்கிக்கொள்ளும் என்று தோன்றுகிறதே? அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.