அன்னதானப் பந்தியில் ரசம் வழியாமலிருக்க வழி சொல்லுங்கள்
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயில் அன்னதானம், பந்திக்கு 50 இலை. நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் இடது மேல் மூலை, பொரியல், கூட்டு மேல்பாதி, சோறு கீழ்ப்பாதி. இதுவரை சரி.

ரசம்தான் தொல்லை. நடுநரம்பு தடித்த இலை மேசையில் படியாமல் தூக்கி நிற்கிறது, ரசம் மடியில் வழிகிறது. நரம்பைப் பின்பக்கம் சீவினால் கிழிகிறது. தணலில் வாட்டினால் படியும். அத்தனை இலையை யார் வாட்டுவது? சோற்றில் குழி போட்டு அரைக் கரண்டி ஊற்றச் சொன்னாலும் தம்பிகள் வாளியையே சாய்க்கிறார்கள்!

மலாய், சீன நண்பர்களும் வருவார்கள். இலையை எதிர்ப்பக்கம் மடித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அது துக்க வீட்டு வழக்கம். தம் பக்கம் மடிக்கும்படி அந்த நண்பர்களிடம் எப்போது, எப்படிச் சொல்கிறீர்கள்? அறிவிப்புப் பலகை வைத்தால் நன்றாகவா இருக்கும்?