பினாங்கு நீல மாளிகையில் தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு ஜார்ஜ் டவுன் போகிறேன். லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகையில் இரண்டு இரவு தங்க ஆசை. 38 அறை, 5 முற்றம், 220 ஜன்னல் என்று கட்டிய வீடு. அந்த அவுரி நீலச் சுவரையும், பீங்கான் கிண்ணங்களை வெட்டி ஒட்டிச் செய்த பூவேலையையும் நேரில் பார்ப்பது என் பல வருடக் கனவு.

அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. கீழ்த்தளத்தில் அறை கேட்டால் தருவார்களா? பகலில் மாளிகையைச் சுற்றிப் பார்க்கக் கூட்டம் வருமே, முற்றத்தை ஒட்டிய அறையில் அம்மா மதியம் தூங்க முடியுமா? அப்புறம், அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு மெதுவாக நடந்துவிடலாமா, வண்டி பிடிப்பது நல்லதா? தங்கியவர்கள் சொன்னால் இந்த வாரமே அறை பதிவு செய்துவிடுவேன்.