நாப்கினில் பக்கக் கசிவு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் எங்கள் மகளிர் குழு சானிட்டரி நாப்கின் செய்கிறது. வாங்குபவர்களில் நிறையப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காரும் பெண்கள், அவர்கள் சொல்கிற குறை ஒன்றுதான், ஓரத்தில் கசிகிறது. நாப்கினுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 5405 சொல்கிறபடி நடுவில் 30 மில்லி திரவம் ஊற்றினால் அடியிலோ பக்கத்திலோ வெளியே தெரியக்கூடாது. மேசைமேல் வைத்து ஊற்றினால் தெரிவதில்லை, ஆனால் உட்கார்ந்து நசுங்கும்போது பஞ்சு உறிஞ்சுவதற்குள் மேல்துணியிலேயே வழிந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது, நடுப்பஞ்சு பாதி காய்ந்தே கிடக்கிறது.

விங்ஸ், அதாவது உள்ளாடையில் மடித்து ஒட்டும் பக்க இறக்கை, உள்ளாடையைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாகும் தூளைக் கூட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, அளவு மிஞ்சினால் வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். மேல்துணிக்கு அடியில் ஈரத்தை நீளவாக்கில் பரப்பும் ஒரு அடுக்கு, இரண்டு ஓரத்திலும் எலாஸ்டிக் வைத்து நிமிர்ந்து நிற்கும், நீர் ஒட்டாத நான்-ஓவன் (நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த துணி) தடுப்பு, இதுதான் சரி என்று படுகிறது.

எலாஸ்டிக்கை எவ்வளவு இழுத்து ஒட்டவேண்டும்? கூடுதலாக இழுத்தால் நாப்கினே சுருண்டுவிடுகிறது. அப்புறம் அந்த நான்-ஓவனைக் கோவை, ஈரோடு பக்கம் சில கிலோ மட்டும் யார் தருவார்கள்? டயபர் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்க, மாதிரி அனுப்புகிறோம்.