முட்டி ஆபரேஷன் முடிஞ்சும் அம்மாவுக்கு எரிச்சல் நிக்கல, யாருக்காவது இப்படி இருந்துச்சா?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயசு, மூட்டுத் தேய்மானம் முத்திப்போயி போன வருஷம் வலது முட்டி மாத்துற ஆபரேஷன் பண்ணோம். நடை நல்லாருக்கு, மாடிப்படி கூட கம்பியப் பிடிச்சு ஏறிடுறாங்க, எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டரும் ஜாயின்ட் சரியாத்தான் இருக்குன்னுட்டார். ஆனா ராத்திரியில தையல் போட்ட எடத்துக்கு வெளிப்பக்கமா தீ வச்ச மாதிரி எரியுதுங்கறாங்க, நைட்டி உரசினாக்கூட தாங்கல, போர்வைய முட்டில படாம கையால தூக்கிப் பிடிச்சுட்டே படுத்திருக்காங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

கீறும்போது தோலுக்கடியில ஒரு சின்ன நரம்புக் கிளை அறுபடும், அதனால அங்க மரத்துப்போறது சகஜம்னு டாக்டர் சொன்னார். சரி, இந்த எரிச்சலுக்கு என்ன பண்றது? பாராசிட்டமால் கேக்கவே இல்ல. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை 75 மி.கி. ராத்திரிக்கு குடுத்திருக்காங்க, தூக்கம் வருது, ஆனா காலைல தலை சுத்துது, பாத்ரூம்ல விழுந்துருவாங்களோன்னு பயமா இருக்கு. திடீர்னு நிறுத்தக்கூடாதுங்கறதால நாங்களா அதுல கை வைக்கல. சுகரும் இருக்கு, ஆனா சுகர் நரம்பு வலி பெரும்பாலும் ரெண்டு பாதத்துலயும்தானே ஆரம்பிக்கும், இவங்களுக்கு அந்த ஒரே எடம்தான்.

இப்படி இருந்தவங்க யாராவது நரம்பு வலிக்கே குடுக்குற டுலாக்சிடின் மாத்திரைக்கு மாறினீங்களா, தோல மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன் பேட்ச் ஒட்டிப் பாத்தீங்களா, நரம்புல போடுற ஊசி கேட்டுச்சா? மதுரைப் பக்கம் பெயின் கிளினிக்ல வயசானவங்கள பொறுமையா பாக்குற டாக்டர் தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ், அடுத்த செக்கப்புக்கு முன்னாடி தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்.