எம்எல்ஓ பரீட்சையில 71, திரும்ப எழுதணும்: எப்படிப் படிச்சீங்க?

கேள்வி (புதுசா வந்தவள்):
போன வாரம் சேஃப் எம்எல்ஓ பரீட்சை எழுதினேன், அமெரிக்காவுல வீட்டுக் கடன் ஏற்பாடு பண்ற அலுவலர் லைசென்ஸுக்கு எழுதுறது. 71 சதவீதம். 75 வேணும். 20 மணி நேர கோர்ஸை ஒழுங்கா முடிச்சேன், மாதிரித் தேர்வுல 85க்குக் கீழே வந்ததே இல்லை. அங்கே போனா தேதி கேள்விகள்ல மாட்டிக்கிட்டேன். இனி 30 நாள் காத்திருந்து மறுபடி 110 டாலர் கட்டணும். பணம்கூடப் பரவாயில்லை, வீட்டுல சொல்லத்தான் கூச்சமா இருக்கு.

பதில் (ரெண்டாவது தடவை பாஸ்):
கூச்சப்படாதீங்க, நான் 68. மாதிரித் தேர்வுல 85 வந்தது பாடம் புரிஞ்சு இல்லைங்க, கேள்வியெல்லாம் மனப்பாடம் ஆகிடுச்சு. எனக்கும் அதேதான்.

என்னைக் கவுத்தது "பிசினஸ் டே", அதாவது வேலை நாள். சட்டத்துல அதுக்கு ரெண்டு அர்த்தம். விண்ணப்பம் வந்து 3 பிசினஸ் டேக்குள்ள லோன் எஸ்டிமேட் (கடனோட உத்தேசச் செலவுக் கணக்கு) அனுப்பணும். அங்கே ஆபீஸ் திறந்திருக்கிற நாள்தான் கணக்கு. சனி லீவுன்னா, வெள்ளி வந்த விண்ணப்பத்துக்குப் புதன் வரை நேரம். ஆனா க்ளோசிங் டிஸ்க்ளோஷருக்கு (கடன் முடியுற க்ளோசிங்குக்கு 3 பிசினஸ் டே முன்னாடி கையில வரவேண்டிய இறுதிக் கணக்கு) ஞாயிறும் ஃபெடரல் விடுமுறையும் மட்டும்தான் கழியும், சனி உண்டு. வியாழன் கையில கொடுத்தா திங்களே க்ளோஸ் பண்ணலாம். நான் சனியை விட்டுட்டு எண்ணி, அஞ்சாறு கேள்வி போச்சு. அப்புறம் ஒரு காலண்டரைக் கிழிச்சு வச்சு, பேனாவால கட்டம் கட்டமா எண்ணித்தான் மண்டையில ஏறுச்சு.

ஃபெடரல் சட்டம் 24 சதவீதம், ஆரிஜினேஷன் வேலைகள் (விண்ணப்பம் வாங்கிக் கடனை ஏற்பாடு பண்றது) 27. பாதிப் பரீட்சை அங்கேயே முடிஞ்சுடுது. எதிக்ஸ் 18, அதைப் பொது அறிவுல ஒப்பேத்தலாம்னு நினைக்காதீங்க.

பதில் (மூணு தடவை எழுதினவன்):
30 நாள் ஆச்சேன்னு ஓடாதீங்க. மூணாவதும் போச்சுன்னா 180 நாள். அனுபவம்!

கேள்வி கேட்டவள்:
நன்றிங்க. ரீஃபைனான்ஸ் (பழைய வீட்டுக் கடனை அடைச்சுப் புதுக் கடன்) ரெசிஷனுக்கும், அதான் கையெழுத்துக்கு அப்புறம் கடனை ரத்து பண்ற உரிமைக்கும், சனி உண்டுதானே? வெள்ளி கையெழுத்துன்னா செவ்வாய் நள்ளிரவு வரை மனசு மாறலாம். சரியா?

ரெண்டாவது தடவை பாஸ்:
சரி. குடியிருக்கிற வீடா, வீடு வாங்குறதுக்கான கடனா இல்லாம இருக்கான்னு முதல்ல பாருங்க, வீடு வாங்குற கடனுக்கு அந்த உரிமையே கிடையாது. இப்ப அந்தத் திங்கள் லேபர் டே, ஃபெடரல் விடுமுறைன்னா?

கேள்வி கேட்டவள்:
சனி ஒண்ணு, செவ்வாய் ரெண்டு... புதன் நள்ளிரவு. ஐயோ, இதே கேள்விக்குத்தான் அன்னைக்குச் செவ்வாய்னு போட்டேன்.