ஹார்ட் டிஸ்க்ல பேட் செக்டார் (படிக்க முடியாம கெட்டுப்போன இடம்) பிரச்சனை, கல்யாண போட்டோ எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு, செக்டிஸ்க் (விண்டோஸ்ல டிஸ்க்கைச் சரிபார்க்குற கமாண்ட்) போடலாமா? அவசரம்

வெளிச்சம்77:
வணக்கம் நண்பர்களே. கோவில்பட்டி பக்கம் சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கேன். எடிட்டிங் சிஸ்டத்துல 1 டிபி ஹார்ட் டிஸ்க், முழுக்க போட்டோதான். நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு கல்யாண ஃபோல்டரைத் திறந்தாலே மேல அந்த பச்சைக் கோடு நகந்துக்கிட்டே கெடக்கு, தம்ப்நெயில் வரவே மாட்டேங்குது, காப்பி போட்டா பாதியில நின்னு சைக்ளிக் ரிடண்டன்சி செக்னு எரர். ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸோட எரர் பதிவு) ஐடி 7, பேட் பிளாக்னு வரிசையா நிக்குது. பக்கத்து கடையில கேட்டா செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, இல்லைனா ஃபார்மேட் அடிச்சுக்கலாம்னு சொல்றாங்க. ஆல்பம் இன்னும் பிரிண்டுக்கே போகல, மெமரி கார்டையும் அடுத்த பங்ஷனுக்கு அழிச்சாச்சு. ராத்திரி தூக்கமே இல்ல.

பழைய_சர்வீஸ்காரன்:
தம்பி, செக்டிஸ்க் போடாதீங்க. அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்கு பண்றதுக்குத்தான், போட்டோவைக் காப்பாத்துறதுக்கு இல்ல. ஒரு ஃபைல் பேட் செக்டார் மேல இருந்தா படிக்க முடிஞ்சத மட்டும் எடுத்து வச்சிட்டு மீதியை விட்டுரும், ஃபைல் பட்டியலான இண்டெக்ஸ் இடிச்சா அந்த ஃபைலோட என்ட்ரியையே தூக்கிரும், அதையெல்லாம் அதே டிஸ்க்லயே எழுதிரும், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஃபார்மேட் பேச்சே வேண்டாம்.
டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வருதா? வந்தா இப்பவே பவரை ஆஃப் பண்ணிருங்க, அது ஹெட் (டிஸ்க்கைப் படிக்கிற முனை) கோளாறு, ரெக்கவரி லேபுக்குத்தான் போகணும். சத்தம் இல்லைனா டிஸ்க் ஹெல்த் பார்க்குற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர்ல 05 (ஸ்பேருக்கு மாத்தின செக்டார்), சி5 (படிக்க முடியாம நிக்குற செக்டார்), சி6 (சரிபண்ண முடியாத செக்டார்), சி7 (கேபிள் வழி வர்ற எரர்) நாலோட ரா வேல்யூவைப் (எண்ணிக்கை) போடுங்க.

வெளிச்சம்77:
சத்தம் ஒண்ணும் இல்லண்ணே. மஞ்சள்ல காஷன்னு காட்டுது. 05 ஜீரோ, சி5 68, சி6 68, சி7 ஜீரோ.

பழைய_சர்வீஸ்காரன்:
அந்த 68 ஹெக்ஸ்ல (16 அடிப்படை எண்) காட்டுறது தம்பி, நம்ம கணக்குல 104. இப்ப வர்ற டிஸ்க்ல நிஜ செக்டார் 4096 பைட்டு, எண்ணுறது 512 கணக்குல, அப்ப அது 13 இடம்தான், பயப்படாதீங்க. சி7 ஜீரோங்கிறதால கேபிள் மேல சந்தேகம் இல்ல. சி5ன்னா படிக்க முடியல, ஆனா இன்னும் மாத்தலன்னு அர்த்தம். அந்த இடத்துல புதுசா எதையாவது எழுதும்போதுதான் டிஸ்க் அதைச் சோதிச்சுப் பார்த்து, சரியில்லைனா ஒதுக்கிட்டு ஸ்பேர் செக்டாருக்குப் போகும், அதனால இப்ப அதுல ஒரு பைட்டு கூட எழுதாதீங்க. நாளைக்கு 2 டிபி புது டிஸ்க் ஒண்ணு வாங்குங்க, இந்தச் செலவை யோசிக்காதீங்க.

லினக்ஸ்பிரியன்:
சகோ, உபுண்டு லைவ் யுஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லயே ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூங்கிற டூலைப் போட்டு பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்ல ஒரு இமேஜா (முழு நகல் ஃபைல்) எடுங்க. இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ் பேருக்கு முன்னாடி ஒரு ஜி உண்டு, ஓட்டுற கமாண்டுக்கு அந்த ஜி கிடையாது, நிறைய பேரு இங்கதான் முட்டிக்கிறாங்க. பழைய டிஸ்க் ஐகானை கிளிக் பண்ணி மவுண்ட் பண்ணிராதீங்க (திறந்துராதீங்க). முதல் ரவுண்டு மைனஸ் என் போட்டு ஓட்டுங்க, நல்ல இடத்தையெல்லாம் முதல்ல அள்ளிட்டு மோசமான இடத்தைத் தாண்டிப் போயிரும். ரெண்டாவது ரவுண்டு மைனஸ் ஆர் 3, விட்டுப்போன இடத்தை மூணு தடவை திரும்ப முயற்சி பண்ணும். மேப் ஃபைலை (எது எடுத்தாச்சு, எது பாக்கின்னு டூல் குறிச்சு வைக்கிறது) புது டிஸ்க்ல வைங்க, லைவ் யுஎஸ்பில வச்சா ஆஃப் பண்ணதும் போச்சு. முக்கியமா கமாண்ட்ல முதல்ல பழைய டிஸ்க், அப்புறம்தான் புதுசு, மாத்திப் போட்டா இருக்குறதும் போயிரும், சைஸ் பார்த்து ரெண்டு தடவை சரிபார்த்துட்டு என்டர் தட்டுங்க. யுஎஸ்பி டாக் வேண்டாம், நேரா சாட்டா கேபிள்ல மாட்டுங்க.

வெளிச்சம்77:
ராத்திரி முழுக்க ஓடுச்சு, முதல் ரவுண்டு முடிஞ்சதும் 99.99%னு வந்துச்சு, ரெண்டாவதுல இன்னும் கொஞ்சம் கிடைச்சுது, கடைசியா மீதி 24576 பைட்டு. அதாவது 6 இடம்தான் போச்சு! இமேஜை மவுண்ட் பண்ணி எல்லா ஃபோல்டரும் எடுத்தாச்சு. ஆனா எந்த போட்டோ அடிபட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, மொத்தம் 4000 படத்துக்கு மேல இருக்கு.

லினக்ஸ்பிரியன்:
சூப்பர் சகோ. இமேஜை ஒரு காப்பி எடுத்துக்கிட்டு அதுல டிடிரெஸ்க்யூவோட ஃபில் மோட் போட்டு கெட்ட இடத்துல மட்டும் ஏதாவது ஒரு வார்த்தையை நிரப்புங்க, அப்புறம் எல்லா ஃபைல்லயும் அந்த வார்த்தையைத் தேடினா அடிபட்டது மட்டும் மாட்டும்.

வெளிச்சம்77:
ரெண்டே ஃபைல்! ஒண்ணு ஜேபெக், பாதிக்குக் கீழ சாம்பல் பட்டை, அதே போஸ்ல இன்னும் நாலு இருக்கு, விட்டுரலாம். இன்னொன்னு ரா ஃபைல் (கேமராவோட மூலப் படம்), பொண்ணோட பாட்டி திருநீறு பூசிவிடுறது, அது ஒரே ஒரு ஃபிரேம்தான் எடுத்தேன். திறக்கவே மாட்டேங்குது.

பழைய_சர்வீஸ்காரன்:
ரா ஃபைலுக்குள்ள கேமரா ஒரு பிரிவ்யூ ஜேபெக்கையும் வச்சிருக்கும் தம்பி, நீங்க கேமரா ஸ்கிரீன்ல பார்க்குறீங்களே அதுதான். அடி அந்தப் பக்கம் படலைனா எக்ஸிஃப்டூல்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு தனியா உருவிரலாம். பல கேமராவுல அது ஃபுல் சைஸாவே இருக்கும்.

வெளிச்சம்77:
வந்துருச்சுண்ணே! முழுசா வந்துருச்சு, பாட்டி விரல்ல இருக்குற திருநீறு வரைக்கும் தெரியுது. ஆல்பத்துல முதல் பக்கத்துலயே வைக்கப் போறேன். பழைய டிஸ்க்கை என்ன பண்றது?

பழைய_சர்வீஸ்காரன்:
ஆல்பம் பிரிண்ட் ஆகி அவங்க கைக்குப் போற வரைக்கும் தொடாதீங்க. அப்புறம் முழுசா ஜீரோ எழுதிப் பாருங்க, சி5 ஜீரோவாகும், 05 கூடலாம், கூடாமலும் போகலாம். ஒரு மாசத்துல திரும்ப ஏறுச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க. ஏறலைனாலும் கஸ்டமர் போட்டோ அதுல வேண்டாம். அப்புறம் கார்டை அழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டிஸ்க்ல காப்பி இருக்கான்னு பார்த்துக்கோங்க தம்பி.