மதியம் வரை ஊறாத பீனட் பட்டர் ஜெல்லி சாண்ட்விச்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

நியூ ஜெர்சியில் பள்ளிக்குச் செல்லும் என் மகனுக்குக் காலையில் கட்டிக் கொடுக்கும் சாண்ட்விச், மதியம் அவன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் ஊறி நைந்துவிடும். பழச்சாற்றில் செய்த, ஜாம் போன்ற ஜெல்லியின் ஈரம் பிரெட்டுக்குள் இறங்குவதே காரணம். இங்கேயே பிறந்து வளர்ந்த எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்லித் தந்தார். இரண்டு பிரெட் துண்டுகளிலும் வேர்க்கடலையை அரைத்த பீனட் பட்டரை ஓரம் வரை மெல்லியதாகப் பூசிவிட்டு, ஜெல்லியை நடுவில் மட்டும், சுற்றிலும் ஒரு விரற்கடை இடம் விட்டு வைக்க வேண்டும். வேர்க்கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால், அந்தப் பூச்சைத் தாண்டி ஈரம் எளிதில் பிரெட்டைத் தொடுவதில்லை. பீனட் பட்டர் இரண்டு பங்கு, ஜெல்லி ஒரு பங்கு என்பதே எங்கள் வீட்டு அளவு.

அமெரிக்க விதிப்படி பீனட் பட்டர் என்ற பெயரில் விற்பதில் குறைந்தது 90 சதவீதம் வேர்க்கடலை இருக்க வேண்டும். கடலையும் உப்பும் மட்டும் சேர்த்து அரைத்த வகையில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதை வடித்துவிடாமல், அடிவரை கிளறிக் கலந்துகொள்ள வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பூசினால் மென்மையான வெள்ளை பிரெட் கிழிந்துவிடும். சற்று நேரம் வெளியே வைத்திருந்து பூசுவது நல்லது.

மறுமொழி: பூசும் முறையில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் சுவையைத் தீர்மானிப்பது ஜெல்லி என்பது என் அனுபவம். இங்கே பெரும்பாலும் வாங்குவது கான்கார்ட் திராட்சை ஜெல்லி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊரில் எஃப்ரைம் புல் என்பவர் 1849-இல் உருவாக்கிய திராட்சை வகை அது. மணம் அருமையானதுதான், எனினும் கடையில் கிடைக்கும் ஜெல்லியில் இனிப்பு மிகுதி. 1901-இல் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் பாஸ்டன் சமையல் இதழ் ஒன்றில் எழுதிய குறிப்பு, இந்தச் சேர்க்கைக்கு அச்சில் கிடைக்கும் மிகப் பழைய செய்முறையாகக் கருதப்படுகிறது; அதில் அவர் பரிந்துரைத்தவை கரண்ட், கிராப் ஆப்பிள் என்ற இரண்டு புளிப்புப் பழங்களின் ஜெல்லிகள். அதைப் படித்த பின் சிவப்பு கரண்ட் ஜெல்லியை வாங்கி, உப்பிட்ட பீனட் பட்டரோடு சேர்த்து உண்டு பார்த்தேன். கடலையின் வறுத்த மணத்தை அந்தப் புளிப்பு எடுத்துக் காட்டியது. எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம்.

மறுமொழி: கரண்ட் ஜெல்லி கிடைக்காதவர்கள் திராட்சை ஜெல்லியில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து பார்க்கலாம். ஒரு வேண்டுகோளும் உண்டு: பீனட் பட்டர் தொட்ட கத்தியை ஜெல்லிப் புட்டிக்குள் விடாதீர்கள். என் மகளின் தோழிக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதால், அவள் வரும் நாளில் புதிய புட்டியைத் திறந்து, சூரியகாந்தி விதையை அரைத்த வெண்ணெயை இதே முறையில் பூசிக் கொடுக்கிறேன். அதுவும் மதியம் வரை ஊறாமல் நிற்கிறது.